கூப்பிடாமல் வரும் புரோகிராம்!

ஏற்காட்டில் படிக்கும் ஒரு மாணவி, சேர்வராயன் மலை காபி பற்றி ஆங்கிலத்தில் பிராஜக்ட் டைப் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அங்கே காபி பயிரைக் கொண்டுவந்த கதையை எழுதுகிறாள். பெரிய எழுத்துக்காக ஷிப்ட் கீயைத் தட்டத் தட்ட, திடீரென ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. அதை மூடினால், அடுத்து கால்குலேட்டர் வந்து நிற்கிறது! "வைரஸ்தான்! பார்மெட் பண்ணிடலாம்" என்கிறான் அண்ணன்.

அவசரப்படாதீங்க குட்டீஸ்! பார்மெட் செய்தால், வேறு இடத்தில் சேமித்து வைக்காத பிராஜக்ட், போட்டோ எல்லாம் போயே போச்சு. 'இந்த கீயை அழுத்தினால் இதைத் திற' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்த கட்டளைதான் ஷார்ட்கட் கீ. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று துப்பறிவோமா?

1. ஷிப்ட் ஐந்து முறை: ஷிப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி வரும். இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்கள், ஒவ்வொன்றாக அழுத்தியே வேலை செய்ய உதவும் வசதி இது. விண்டோஸ் 95-லேயே இருந்தது. வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்றால் மட்டும் நிறுத்தலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீ-போர்டு என்று போனால் இதற்கான சுவிட்ச் இருக்கிறது.

2. ஐகானில் ஒளிந்த கட்டளை: கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு ஓர் எழுத்தை அழுத்தினால் ஏதாவது திறக்கிறதா? திறக்கும் புரோகிராமின் ஷார்ட்கட் ஐகானை டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் போங்க. 'ஷார்ட்கட் கீ' என்ற கட்டத்தில் அந்த எழுத்து இருந்தால், பேக்ஸ்பேஸ் தட்டி, ஓகே கொடுங்க.

3. சிக்கிய கீ: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வரும். ஈரமும் பிஸ்கட் தூளும் சேர்ந்தால் கீ ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் கீ அமுங்கியே இருந்தால், 'ஈ' தட்டினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். 'எல்' தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும்! தனி கீ-போர்டு என்றால் கம்ப்யூட்டரை நிறுத்தி, கீ-போர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்க.

4. படம் போட்ட கீ: சில கீ-போர்டுகளில் கால்குலேட்டர், மெயில் படம் போட்ட கீகள் இருக்கும். கை பட்டாலே அவை திறந்துவிடும்.

கை தவறி அமுங்குமே என்று அன்றே யோசித்தவர் ஒருவர் உண்டு. 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கிய குழுவில் இருந்த இன்ஜினியர் டேவிட் பிராட்லி! கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று வைத்தார். அந்தக் கீ-போர்டில் இதற்கு இரண்டு கையும் தேவை. தெரியாமல் அமுங்க வாய்ப்பே குறைவு!

கீ-போர்டைத் தொடாதபோதும் தானாகவே ஏதாவது திறக்கிறதா? அப்போது பாஸ்வேர்டு எதையும் டைப் செய்யாமல், பெரியவர்களிடம் சொல்லி வைரஸ் ஸ்கேன் செய்யச் சொல்லுங்க. பள்ளி கம்ப்யூட்டர் என்றால், ஆசிரியரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீங்க.

அடுத்த முறை ஏதாவது எட்டிப் பார்த்தால், கடைசியாக எந்த கீயைத் தட்டினீங்க என்று உடனே ஒரு தாளில் குறித்து வையுங்க. பாதி துப்பு கிடைத்த மாதிரி!