தட்டில் இருந்த இனிமை செல்லில் இல்லையா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் இளையராஜா பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ரெக்கார்டுல கேட்ட மாதிரி இப்ப செல்லுல வருதுங்களா?" வரவில்லை என்பதுதான் அவர்கள் தீர்ப்பு. தீர்ப்பு பெரும்பாலும் சரி. சொல்லும் காரணம்தான் தப்பு.

அன்று நாம் கேட்டது எதில்? பாரியூர் குண்டம் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட்டுக்காரர் உயரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அதில் அடி ஓசையும் வராது, உச்சியில் இருக்கும் மெல்லிய சலங்கைச் சத்தமும் வராது. நடுவில் மனிதக் குரல் மட்டும் நாலு காடு தாண்டிக் கேட்கும். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகிறது என்பதே, வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அந்தக் கேசட்டும் அப்படி ஒன்றும் உத்தமம் இல்லை. ஸ்டுடியோ டேப் நொடிக்கு 38 செ.மீ. ஓடும், கேசட் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஊரும். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டில் பதிந்து வாங்குவோமே, அந்த ரெக்கார்டிங் கடைகளில் நல்ல கடை எல்.பி. தட்டிலிருந்து நேராகப் பதியும். மற்றவை கேசட்டிலிருந்து கேசட்டுக்கு இறக்கும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க 'ஸ்ஸ்' இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். டேப்பைப் படிக்கும் ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தாலும் போச்சு, பாட்டே மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். ரேடியோ மெக்கானிக் ஹெட்டை ஒட்டிய சின்ன ஸ்குரூவைக் கால் திருப்புத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்பார்; சட்டென்று ஜால்ரா பளிச்சென்று எழும்.

தட்டுக்கும் தன் குறை உண்டு. பேஸை முழுசாகச் செதுக்கினால் பள்ளம் அகன்று இடம் போதாது. அதனால் குறைத்துச் செதுக்கி, ஆம்ப்ளிஃபையரில் திரும்ப ஏற்றுகிறார்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஆனால் நடுப்பக்கம் போகப் போகச் சுற்றின் நீளம் குறைவதால், அதே நேரத்து இசை குறுகிய தூரத்தில் நெருக்கியடிக்கிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரப்பது இதனால்தான்.

டிஜிட்டல் இசையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, இடைவெளியில் உயிர் போய்விடுகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. 1982-ல் வந்த சி.டி. நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கிறது. மனிதக் காதின் உச்ச வரம்பு நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு. அதற்கு இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் அலை படிக்கட்டு இல்லாமல் முழுசாகத் திரும்பி வரும். ஐம்பது தாண்டிய காதுக்கு 15,000 கேட்டாலே பெரிய விஷயம்!

பிறகு எது கெடுத்தது? தேய்ந்த தட்டிலிருந்து அவசரமாக இறக்கியது, ரீமாஸ்டர் என்ற பெயரில் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கியது, சி.டி.யில் இருந்ததைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3. இவைதான் என் கணக்கில் குற்றவாளிகள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்.பி.க்களை, முழுக்க அனலாக் என்று நம்பி விலை கொடுத்து வாங்கிச் சிலாகித்தார்கள் ரசிகர்கள். பல தட்டுகளின் தயாரிப்பில் நடுவே டிஜிட்டல் பிரதி இருந்தது 2022-ல் அம்பலமானது. அதுவரை காது கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊர் வேடிக்கை இன்னொன்று. 'ரோஜா' (1992) ரஹ்மானின் கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் கலந்து உருவானது. நாம் அதைக் கேசட் இரைச்சலோடு கேட்டு, என்ன துல்லியம் என்று வியந்தோம்.

பழைய குரல்களுக்குத்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடியவர். பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் ஓடும் 78 வேகத் தட்டுகளில் அந்தக் குரலின் கூர்மை பதிந்திருக்கிறது. இன்று கீறல் சத்தத்தைத் துடைக்கிறேன் என்று மென்பொருளை ஓட்டுகிறார்கள். கீறலும் ச, ட எழுத்துகளின் முனையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஒலிப்பவை. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும், அம்மையார் தண்ணிக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். ஒரே பாட்டு இணையத்தில் இரண்டு பிரதி கிடைத்தால், கரகரவென்று இருப்பதைத் தள்ளிவிடாமல், இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். அளவு முக்கியம், கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே நல்லது என்று காது சொல்லிவிடும்.