உரஞ்சினால் போகாத சொரசொரப்பு

பிள்ளையின் மேற்கையைத் தடவினால் அரத்தில் விரல் வைத்ததுபோல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்துச் சிறு சிறு செதிலாக வெடித்திருக்கும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதைக் காணும் அம்மம்மா, "ஊத்தை பிள்ளை, நல்லா உரஞ்சிக் குளிப்பாட்டு" என்பார். கிணற்றடியில் தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் சேர்ந்து கையைச் சிவக்க வைக்கும். சொரசொரப்போ இன்னும் கூடும்.

இது ஊத்தை அல்ல, தொற்றும் வியாதியும் அல்ல. பெரும்பாலும் தாய் வழியோ தகப்பன் வழியோ வந்த தோல். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வகுப்பில் யாரும் தயங்க வேண்டியதில்லை.

தோலின் மேலடுக்கில் பிலாக்ரின் என்றொரு புரதம் உண்டு. மேற்கலங்களைத் தட்டையாக்கி இறுக்குவது அதன் முதல் வேலை. பிறகு தானே சிதைந்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருட்களாக மாறும். 2006 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன், பிரான்சிஸ் ஸ்மித் ஆகியோரின் குழு, இப்புரதத்துக்குரிய மரபணு பழுதானால் இக்தியோசிஸ் வல்காரிஸ் எனும் மீன்செதில் தோல் வருகிறது என்று காட்டியது. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக மரபணுவின் இரு பிரதிகள் நமக்கு வருகின்றன. ஒன்று பழுதென்றால் தோல் இலேசாக வறளும், அல்லது எதுவுமே தெரியாது. இரண்டும் பழுதென்றால் கடுமை. அதனால்தான் காலில் கொஞ்சம் வறட்சி மட்டுமே உள்ள பெற்றோரின் பிள்ளைக்குக் கால் முழுக்கச் செதில் வருவதுண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இந்த வாய்ப்புக் கூடுதல்.

மேற்கையிலும் தொடையிலும் வரும் குருணி, மயிர்க்கால் வாயைக் கெரட்டின் எனும் புரதம் அடைப்பதால் உண்டாவது. இதுவும் குடும்ப வழி வருவதே. பதின்ம வயதில் கூடிப் பலருக்குப் பின்னர் தணியும். மீன்செதில் தோல்தானா என்று அறிய முழங்கை மடிப்பையும் உள்ளங்கையையும் பாருங்கள். மடிப்பு மென்மையாகவே இருக்கும். உள்ளங்கை ரேகைகள் வழமையை விட அதிகமாயும் ஆழமாயும் ஓடும்.

எல்லாக் குருணியும் பரம்பரை அல்ல. கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ், விற்றமின் குறைவால் வரும் முள்முள்ளான தோலைப் பற்றி 1933 இல் எழுதி, அதற்குத் தேரைத் தோல் என்று பொருள்படும் பெயரை வைத்தார். மெலிந்த பிள்ளைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் இப்படி வந்து, மாலையில் கண்ணும் மங்கினால் கிறீம் தேடி அலையாதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். முருங்கை இலையும் பப்பாசியும் மீனும் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டில் இருக்க வேண்டியவை.

பரம்பரைத் தோலை மாற்ற முடியாது. ஆனால் ஈரத்தைப் பூட்டிவைக்கலாம். நம் பக்கத்தில் எண்ணெய் வைத்து ஊறிச் சீயாக்காயால் தேய்த்துக் குளிப்போம். வைத்த எண்ணெய் அதோடு கழுவுப்பட்டுப் போய்விடும். இந்தத் தோலுக்கு முறையைத் திருப்ப வேண்டும்: சுருக்கமாகக் குளித்து, கமக்கட்டு, தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும் சவர்க்காரம் போட்டு, துவாயால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்குச் சமமாக உதவியது என்று பிலிப்பைன்ஸில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவர்ந்தோ கடினமாகவோ உள்ள இடங்களில், சவர்க்காரப் படிவு தோலில் தங்காமல் நன்றாகக் கழுவுவது இன்னும் முக்கியம்.

குருணிக்கும் செதிலுக்கும் பாமசியில் யூரியா கிறீம் உண்டு. யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருப்பது. தண்ணீரை இழுத்துவைத்துச் செதிலை இளக்கும். வயலுக்கு எறியும் பசளையும் அதே பெயர்தான் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: உரப்பையிலுள்ளதைக் கரைத்துத் தோலில் பூசவே கூடாது. வெடித்த இடத்தில் கிறீமும் எரியும். சலிசிலிக் அமிலக் கிறீமைச் சிறு பிள்ளைகளின் உடம்பில் பரவலாகப் பூசினால் அது இரத்தத்தில் சேரக்கூடும். வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். அவை தோலை மெலியவைக்கும். இந்தக் குருணியை மாற்றாது.

சோளகம் வீசும் மாதங்களில் வாசலினோ எண்ணெயோ இரண்டு நேரமும் பூச வேண்டி வரும். மாரியில் காற்று ஈரமாகும்போது பலருக்கு ஒரு நேரமே போதும். அடியோடு விட்டால் சில கிழமைகளில் வறட்சி திரும்பும்.