நிலவறையும் குடிக்கூலி வீடும்

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. கல்வராயன் மலையூர்களினின்று கல்வியும் அலுவலும் நாடி இறங்குவோர்க்கு நகரில் குடிக்கூலி வீடு வேண்டும். ஆதலின், வீட்டின் கீழுள்ள நிலவறையையும் குடியிருப்பாக்கலாமோ எனச் சிலர் எண்ணக்கூடும். அது பொருந்துமா என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு நிலவறையைப் பண்டம் வைத்தற்கும் வண்டி நிறுத்துதற்கும் அவை போல்வனவற்றிற்குமே வகுத்துள்ளது. காரணம் வெளிப்படை: ஆண்டு ஒளியும் காற்றும் குன்றும், மழைநீர் புகும், தீப்பற்றின் வெளியேறல் அரிது. எனவே நிலமட்டத்திலுள்ள பண்டக அறையையோ பின்கட்டையோ சாளரமும் கழிப்பறையும் தனிவாயிலும் அமைத்துத் திருத்துதலே நன்று. அப்பணி தொடங்குமுன் நகராட்சி அல்லது ஊராட்சியின் இசைவைப் பெறல் வேண்டும்.

அடுத்தது உடன்படிக்கை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி அஃது எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பிற் பதியப்பெறல் வேண்டும். அதில் வேறு கூறப்படாவிடின் முன்பணம் மூன்று திங்கள் வாடகையைக் கடத்தலாகாது. பிணக்கு நேரினும் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்தலாகாது.

உரிமையாளர்க்கு அவ்வறை வருவாய். குடியிருப்போர்க்கோ அதுவே வாழ்வு. நம் வீட்டுப் பிள்ளையை அங்கு உறங்க விடுவோமா என வினவிய பின்னரே அதனைப் பிறர்க்குத் திறப்போமாக.