உப்பு விளையும் மண்ணில் அயோடின் பற்றாக்குறையா?

1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக வேதாரண்யம் வரை உப்புக்காக நடந்தார்கள். அந்த வேதாரண்யத்தில் இன்றும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கின்றன. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

ஆனால், 2018-19 தேசிய அயோடின் ஆய்வு சொல்வது வேறு. போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவிகிதம், தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். மாநிலங்களில் கடைசி இடம்!

கடல் உப்பில் அயோடின் இல்லையா?

‘கடலிலிருந்து வரும் கல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா?’ என்று பலரும் நினைக்கிறார்கள். கடல் நீரிலேயே அயோடின் மிகக் குறைவு. அது பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் தனியாகக் கலக்க வேண்டியிருக்கிறது. அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்க 2006 முதல் தடை உள்ளது.

கருவிலேயே தொடங்கும் பாதிப்பு

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி ஹார்மோன் சுரக்க அயோடின் தேவை. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்த ஹார்மோன் அவசியம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசு, தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் கருச்சிதைவு, குழந்தைக்குக் காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைவு ஏற்படலாம்.

லேசான குறைபாடு கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் வீக்கம் இல்லாமலேகூட கற்கும் திறன் குறையலாம். காரணம் தெரியாமல் அந்தப் பிள்ளை ‘மக்கு’ என்று பெயர் வாங்கும். கருவில் ஏற்பட்ட மூளைப் பாதிப்பைப் பின்னாளில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வராமல் தடுப்பது சுலபம். 1956-ல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த பகுதிகளில் பள்ளிக் குழந்தைகளின் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். கல் உப்பிலும் அப்படிக் கிடைக்கிறது.
* மூடி போட்ட ஜாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரமும் வெப்பமும் அயோடினைக் குறைக்கும்.
* சாம்பாரோ குழம்போ, இறக்கும் நேரத்தில் உப்பு சேருங்கள்.
* அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும். மீன், முட்டை, பாலிலும் அயோடின் உண்டு.
* தினமும் பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 தேவை. தைராய்டு பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இன்றே உப்பு ஜாடியை ஒருமுறை பாருங்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் படிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது!