கொப்பளிப்பான் ஊசிக்குக் காசு கொடுக்கலாமா?

மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, கினிகத்தேனைப் பக்கம் உறவினரின் லயத்தில் தங்கியிருக்கும் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: “சாமி, பக்கத்துக் காம்பராவில முந்தாநாள் பிள்ளைக்கு அம்மா போட்டிருக்கு. சின்னவனுக்கு ஏழு வயசு. டவுனில காசுக்கு ஊசி இருக்காம். தோட்டை அடகு வச்சாவது போடட்டுமா?”

பலரும் கேட்கும் கேள்வி இது. ஆகவே, வைத்தியர்களிடம் கேட்டறிந்ததை இங்கே தருகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிளினிக்கில் 9 மாதத்திலும் 3 வயதிலும் இலவசமாகப் போடும் ஊசி சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும். கொப்பளிப்பானைத் தடுக்காது. அதற்கான ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்தே போடவேண்டும். ஜப்பானிய வைத்தியர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஒரு வயதுக்கு மேல் போடலாம். முழுப் பாதுகாப்புக்கு இரண்டு ஊசி வேண்டும். ஆகவே விலை கேட்கும்போது இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பஸ் காசையும் அந்த இரண்டு நாள் கூலியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுகமாயுள்ள சிறு பிள்ளைக்கு இந்நோய் பெரும்பாலும் காய்ச்சலும் அரிப்புமாக ஒரு கிழமையில் போய்விடும். வளர்ந்தவர்களுக்கு அப்படியல்ல, நியுமோனியாவில் கொண்டுபோய் விடலாம். கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. பிரசவ நாளையொட்டித் தாய்க்கு வந்தால் பிறந்த சிசுவின் உயிருக்கே மோசம். எம்மைப் போன்ற வெப்பநாடுகளில் சிறுவயதில் இந்நோய் வராமலே வளர்ந்துவிடுபவர்கள் அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே அந்தத் தாயிடம் நாம் திருப்பிக் கேட்டோம்: “வீட்டில் இன்னும் யாருக்கு வரவில்லை?” சற்று யோசித்து, “மூத்தவளுக்கும் வரல்ல சாமி. தையில கல்யாணம்” என்றார்.

எமது கணிப்பில், கையில் ஒருவருக்குரிய காசுதான் இருக்கிறதென்றால் அது அந்த மகளுக்கே போகவேண்டும். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. கர்ப்பிணிக்குப் போடக்கூடாது, போட்டபின் குறைந்தது ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்கக்கூடாது. வேறு கடும் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும். நோயாளியோடு பழகி மூன்று நாளுக்குள் போட்டால், நோய் வராமலோ லேசாகவோ போக வாய்ப்புண்டு. மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலையவேண்டாம். குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே கிடந்தால் கெட்டுவிடும்.

சின்னவனுக்காக நகையை அடகு வைக்கவேண்டாம் என்றோம். அவனுடைய இலவச ஊசிகளில் ஏதும் தவறியிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். இடம்பெயர்ந்து வரும்போது சுகாதார அட்டை தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

நெருக்கமாக வாழும் இடங்களில் இந்நோய் காட்டுத்தீதான். 2009இல் வவுனியா மனிக் பாம் முகாம்களில் பரவியது. கொப்புளம் தெரிய ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். வேப்பிலை கட்டி, பிறரை அண்டவிடாத எமது பெரியவர்களின் வழக்கத்தில் நல்ல புத்தி இருக்கிறது. ஆனால் “அம்மாளுக்கு மருந்து கூடாது” என்று, மூச்சு வாங்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதை நாம் ஏற்கமாட்டோம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நோயாளியோடு பழகிய கர்ப்பிணி, கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். பெரியவர்களுக்கு வந்தாலும் முதல் நாளே போவது நல்லது. அதற்கான மாத்திரை ஆரம்பத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

அந்தத் தாய் கல்யாணச் சேமிப்பிலிருந்து எடுத்து, மறுநாளே மகளுக்கு முதல் ஊசியைப் போட்டார். சின்னவனுக்குப் பதினைந்தாம் நாள் கண்டது. ஒரு கிழமைக்கு மேல் பாடசாலை இல்லை. அவருக்கும் வேலை இல்லை, கூலி இல்லை. மகளுக்கு நாலைந்து கொப்புளங்களோடு போயிற்று.