முத்தின் செவ்வும் கணினியின் கணக்கும்

காயல்பட்டினத்தை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரையிலும் எதிரே இலங்கையிலும் முத்து வணிகர்கள் உயர்ரக முத்துகளுக்கு வெறும் எடையை வைத்து விலை பேசியதில்லை. எடையிலிருந்து ‘செவ்வு’ என்ற அளவைக் கணித்து, செவ்வுக்கு இவ்வளவு என்று பேசினார்கள். எடை மஞ்சாடியில், 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு வந்துவிடும்.

ஐந்து முத்து சேர்ந்து 10 மஞ்சாடி என்றால் 15 செவ்வு. அதே 10 மஞ்சாடி ஒரே முத்தாக இருந்தால் 75. பெரிய முத்து அரிது என்பதை ஒரு வர்க்கத்துக்குள் அடக்கிய இந்தக் கணக்கு அபாரமானது.

அந்த ஐந்து முத்துக் கணக்கை 3/4*10^2/5 என்று தட்டினால் (^ என்பது அடுக்குக் குறி), கணினி முதலில் பார்ப்பது எழுத்து வரிசையை மட்டுமே. 1, 0 இரண்டையும் சேர்த்துப் ‘பத்து’ என்று பிரித்தறிவதே முதல் வேலை. அடுத்தது, எதை முதலில் செய்வது? இடமிருந்து வலமாகவே போனால் 7.5-ஐ வர்க்கமாக்கி, 11.25 என்று முடிக்கும். விற்பவருக்கு 3.75 செவ்வு நட்டம்.

டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே ஆண்டில்தான். ரயில் யார்டில் பெட்டிகளைப் பக்கத் தடத்தில் ஒதுக்கி வரிசை மாற்றுவார்கள் அல்லவா, அதன் பெயரையே இந்த முறைக்கு வைத்தார்கள். எண்கள் நேரே போய்விடும். குறிகள் ஒதுங்கி நிற்கும். புதிதாக வரும் குறி, நிற்கும் குறிக்குச் சமமானதாகவோ தாழ்ந்ததாகவோ இருந்தால், நிற்பது முதலில் வெளியேறும். * வரும்போது / வெளியேறுகிறது. ^ உயர்ந்தது என்பதால் * மேல் ஏறி நிற்கிறது. அடுத்த / வந்ததும் ^, * இரண்டும் கிளம்புகின்றன. எண்கள் தீர்ந்ததும் அந்த / கடைசியாக வெளியேறுகிறது. கிடைப்பது: 3 4 / 10 2 ^ * 5 /. இனி இடமிருந்து படித்தால் போதும். குறி வந்ததும் கடைசி இரண்டு எண்களை எடுத்துக் கணக்கிட வேண்டும். 0.75, 100, 75, கடைசியில் 15.

மொழிக்கு மொழி விதி மாறுவதுதான் சிக்கல். பைத்தானில் வர்க்கத்துக்கு ** போடவேண்டும். ^ அங்கே வேறு வேலைக்கு. சி மொழியில் 3/4 முழு எண் வகுத்தல் என்பதால் விடை 0. எவ்வளவு பெரிய முத்துக்கும் செவ்வு பூஜ்யமாகிவிடும். அங்கே 3.0/4 என்றுதான் எழுதவேண்டும்.