எலும்பு சொல்லாததை நிறமூர்த்தம் சொல்லுமா?

2025 ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நின்றேன். தந்தையை இழந்தவர்கள் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்திக்கொண்டிருந்தார்கள். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் சிறுவர்களின் எலும்புக்கூடுகளும் ஒரு நீலநிறப் புத்தகப்பையும் வெளிவந்திருந்த காலம் அது. மூத்த மகன் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய, கேணிப் படியில் இருந்த தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, எலும்பைப் பாத்துப் பொடியனோ பெட்டையோ எண்டுகூடச் சொல்லேலாதோ?"

சிறுவயதில் காணாமல்போன இளைய மகனுக்கு அவர் இன்னும் எந்தக் கிரியையும் செய்யவில்லை.

எங்கள் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. அதில் ஒரு சோடிதான் பாலைத் தீர்மானிக்கிறது. தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே தரும். தந்தையின் விந்து எக்ஸையோ வையையோ தரும். (பெண்பிள்ளையாகப் பெற்றாள் என்று மருமகளைத் திட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும்.) வையில் உள்ள எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகை லண்டன் ஆய்வாளர்கள் 1990இல் கண்டுபிடித்தார்கள், வலிகாமம் வடக்குச் சனம் ஊரைவிட்டு ஓடிய அதே ஆண்டு. கருவின் ஆறாம் வாரம்வரை ஆண், பெண் தோற்ற வேறுபாடு இல்லை. பிறகு அந்த அலகு விதைகளை உருவாக்க, அவற்றின் ஓமோன்கள் ஆணுடலை வளர்க்கின்றன.

ஆனால் எலும்பில் அது தெளிவாகப் பதிவது பருவமடையும்போதுதான். வளர்ந்தவரின் இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் எலும்பில் அனுபவமுள்ள வைத்தியரும் தயங்குவார்.

அங்கேதான் டிஎன்ஏ உதவுகிறது. பல் மிளிரியை உருவாக்கும் ஒரு பரம்பரையலகு எக்ஸிலும் உண்டு, வையிலும் உண்டு. எக்ஸில் உள்ளது ஆறு எழுத்துக் குறைவு. ஒரே நீளம் மட்டும் தெரிந்தால் பெண், இரண்டும் தெரிந்தால் ஆண். மண்ணில் சிதைந்த எலும்பில் வையின் துண்டு அகப்படாமல் போனால், ஆண்பிள்ளையும் பெண்ணாகத் தெரியக்கூடும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வை இருந்தும் பெண்ணாகவே வளர்பவர்களும் அரிதாக உண்டு. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தியின் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையின் பெயரால் பறித்தவர்கள், உடல் இவ்வளவு சிக்கலானது என்பதை யோசிக்கவில்லை.

தகப்பனின் வை ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் மூத்தவனைப் பார்த்தார்.

"அப்ப இவன்ரை எச்சில் காணுமோ?"

காணாது. அதே வை சித்தப்பா, பெரியப்பா, அவர்களின் பொடியன்கள் எல்லோரிடமும் இருக்கும்.

"உங்கடையும் வேணும், அம்மா" என்றேன்.